மொனிற்றர் மிக்சரின்ர பின்பக்கம்: எந்த ஓட்டையில எதைக் கொழுவுறது?

கேள்வி: ஓகஸ்ட் 4, இரவு 9.40

கொக்குவில் பக்கம் சின்னதா ஒரு சவுண்ட்ஸ் வைச்சிருக்கிறன். மேடையில பாடுறவையும் வாசிக்கிறவையும் தங்கட காதுக்கு வேண்டியதைத் தாங்களே கூட்டிக் குறைக்கிற மொனிற்றர் மிக்சர் 4 பழசா வாங்கியிருக்கிறன். முன்பக்கம் விளங்குது, பின்பக்கம் விளங்கேல்லை. நெற்வேர்க் போட் ரெண்டு, 1, 2 எண்டு மட்டும் போட்டிருக்கு. பவர் குத்துற ஓட்டை, எக்ஸ்எல்ஆர் எண்ட மூண்டு பின் உருண்டை அவுட் ரெண்டு, லைன் இன் எண்டு பெரிய ஜக் ரெண்டு, ஆளோட ஆள் கதைக்கிற டோக்பாக் மைக்குக்கு ஒரு எக்ஸ்எல்ஆர். டான்டே எண்டு எழுதியிருக்கு. என்ர சிநேகிதன் சொல்லுறான், நெற்வேர்க் போட் எண்டா எல்லாம் ஒண்டுதான், எதில எதைக் கொழுவினாலும் வரும், நெற்வேர்க் வயராலயே கரண்டும் குடுக்கிற பிஓஈ சுவிச் ஒண்டு வாங்கினா அடப்டரே தேவையில்லை எண்டு. சரியோ?

ஓகஸ்ட் 4, இரவு 11.15

தம்பி, சிநேகிதன்ர கதையைக் கேட்டு நாளைக்கே எதையும் கொழுவிப்போடாதையும். ஓட்டையின்ர உருவம்தான் ஒண்டு. உள்ளுக்குள்ள ஓடுறது வேற வேற.

என்ர சாமான் அறையில இப்ப மூண்டு பெட்டி இருக்கு. மூண்டுக்கும் பின்னால அதே 8 பின் ஆர்ஜே45 ஓட்டை. ஒண்டு டான்டே, நெற்வேர்க் வயரால சத்தம் அனுப்புற முறை. அவுஸ்திரேலியாவில ஓடினேற் எண்ட கொம்பனி செய்தது. சாதாரண கொம்பியூற்றர் நெற்வேர்க் கதைக்கிற பாசையைத்தான் இதுவும் கதைக்கும், அதால கடையில விக்கிற கிகாபிற் சுவிச்சுக்குள்ளால போய்வரும். மற்றது ஏஇஎஸ்50. மைடாஸ், பெரிஞ்சர் கொம்பனியளின்ர கன டிஜிற்றல் மிக்சருக்குப் பின்னால இருக்கிறது அதுதான். 48 கிலோஹேர்ட்ஸில ஒரே வயரில அங்கால 48 சானல், இங்கால 48 சானல். வயர் அதே சாதிதான், ஆனா சுவிச்சுக்கு அந்தப் பாசை விளங்காது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில நேர வயர் மட்டும்தான். மூண்டாவது அல்ட்ராநெற், 16 சானல். அதுவும் சுவிச்சுக்குள்ளால போகாது, அதைப் பங்கிட்டுக் குடுக்க அதுக்கெண்டே செய்த பெட்டி வேணும்.

இது எனக்கு விளங்கினது ஒரு கோயில் மண்டபத்தில. மேடையில மைக்குகளைக் குத்துற மேடைப்பெட்டியில இருந்து மிக்சருக்கு ஏஇஎஸ்50 வயர் எட்டேல்லை. நடுவில ஒரு சுவிச்சை வைச்சு ரெண்டு துண்டு வயரையும் அதில குத்தினன். மேளச்சமா தொடங்க 40 நிமிசம் இருக்கு. மிக்சரில சிவப்பு லைற் மாறேல்லை. வயரை மாத்தினன், திரும்ப மாத்தினன், பிளக்கை வெட்டிப் புதுசு அடிச்சன். கடைசியில ஒரே உறைக்குள்ள 24 லைன் ஓடுற பழைய மல்ரிகோர் வயரை வானில இருந்து இழுத்துக்கொண்டு வந்து விரிச்சன். அண்டைக்கு நாதஸ்வரகாரர் முதல் உருப்படியை மொனிற்றர் இல்லாமலே வாசிச்சவர். வயரில ஒரு பிழையும் இருக்கேல்லை. நான் உருவத்தைப் பார்த்துக் கொழுவினதுதான் பிழை.

இந்த 4 பெட்டிக்கும் சத்தம் அனுப்பப்போற உம்மட மெயின் மிக்சர் என்னது எண்டு எழுதேல்லை. அது டான்டே கதைக்காட்டி இந்த 4 பெட்டியும் சும்மா இருக்கும். முதல் அதைப் பார்த்து எழுதும்.

ஓகஸ்ட் 5, காலமை 6.30

இரவு பிஓஈயை விட்டிட்டன்.

பிஓஈ சுவிச்சில மற்றப் பெட்டிகளைக் குத்தினா எரிஞ்சுபோம் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு பயம். முறையான பிஓஈ எரிக்காது. 2003 இல் வந்த 802.3ஏஎஃப் விதிப்படி, சுவிச் முதல்ல சின்ன வோல்ற்றேஜ் விட்டு, அங்கால 25 கிலோஓம் அளவில ஒரு தடை இருக்கோ எண்டு பார்க்கும். அது இருந்தாத்தான் 48 வோல்ற் அளவில விடும். இல்லாட்டி விடாது.

பயப்பிட வேண்டியது மற்றச் சாதிக்கு. கூரையில அன்ரனா பூட்டுறவை பாவிக்கிற, நெற்வேர்க் வயருக்குள்ள கரண்ட் ஏத்துற சின்ன இன்ஜெக்ரர் இருக்குத்தானே, 24 வோல்ற். அதில கனது கேட்டுப் பார்க்காது, குத்தின உடன விட்டிடும். சாமான் பெட்டிக்குள்ள அதைப் போட்டு வைச்சிருக்கிறவை தயவுசெய்து இண்டைக்கே எடுத்து வேற இடத்தில வையுங்கோ.

இனிக் கணக்கு. ஏஎஃப் சுவிச் ஒரு போட்டுக்கு 15.4 வாற் விடும். 100 மீற்றர் வயரில போறதைக் கழிச்சு, பெட்டிக்கு 12.95 வாற் கிடைக்கும் எண்டுதான் விதி. உம்மட 4 பெட்டியும் முழுசா இழுத்தா 61.6 வாற். சுவிச்சில 8 போட் எண்டு பெரிசாப் போட்டிருக்கும், மொத்தம் எத்தினை வாற் எண்டு பின்னால சின்னனா இருக்கும். வாங்க முதல் அந்தச் சின்ன எழுத்தை வாசியும்.

அதோட, உம்மட பெட்டி பிஓஈ எடுக்குமோ எண்டது வேற கேள்வி. போட்டுக்குப் பக்கத்தில பிஓஈ எண்டு எழுதியிருக்கவேணும். சில பெட்டியில ஒரு போட்டில மட்டும்தான் எடுக்கும். எழுத்து இல்லாட்டி அடப்டர்தான். பழசு வாங்கினனீர் எண்டபடியால், வந்த அடப்டர் அந்தப் பெட்டியின்ரதோ எண்டும் பாரும். வோல்ற்றேஜ் சரியா இருந்தாலும் நடுவில பிளஸ்ஸோ மைனஸோ எண்டதில பிழைச்சா உள்ளுக்க கருகும். ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு சின்ன வட்டம் கீறி ரெண்டு பக்கமும் குறி போட்டிருக்கும், அதே படம் அடப்டரிலயும் இருக்கவேணும்.

ஓகஸ்ட் 5, பின்னேரம் 5.10

வயர் வாங்கேக்க நுனியைக் கத்தியால சுரண்டிப் பாரும். உள்ளுக்க வெள்ளையா இருந்தா அது அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. விலை குறைவு எண்டு நானும் ஒருக்கா ஒரு பெட்டி முழுக்க வாங்கினனான். அலுமினியத்தில தடை கூட, பிஓஈ தூரம் போகேக்க வோல்ற்றேஜ் விழும். நாலு தரம் சுத்தி விரிச்சா உள்ளுக்க முறியும். சுவருக்குள்ள அசையாமல் கிடக்கிற வேலைக்கே அது சரியில்லை, ஒவ்வொரு கிழமையும் வானில ஏறி இறங்குற எங்களுக்கு எப்பிடிச் சரிவரும்? முழுச் செம்பு, கற்5ஈ போதும்.

ஓகஸ்ட் 7, இரவு 10.20

இப்ப 1, 2 கதை.

இந்த ரெண்டு போட்டும் ரெண்டு விதமா வேலை செய்யும். எந்த விதத்தில இப்ப நிக்குது எண்டு பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லேலாது. ஒரு விதத்தில, பெட்டிக்குள்ள ஒரு குட்டிச் சுவிச் இருக்கிற மாதிரி, 1 உம் 2 உம் ஒண்டுதான். ஒண்டால வந்து மற்றதால அடுத்த பெட்டிக்குப் போகலாம். உம்மட சிநேகிதன் சொன்னது இந்த விதத்துக்குச் சரி. மற்ற விதத்தில, 1 முதல் நெற்வேர்க், 2 காவலுக்கு நிக்கிற இரண்டாவது நெற்வேர்க். அதே சத்தம் ரெண்டாலயும் போகும், ஒண்டு அறுந்தா மற்றது தாங்கும். ஆனா ரெண்டுக்கும் தனித்தனிச் சுவிச், தனித்தனி வயர், எங்கயும் ஒண்டை ஒண்டு தொடக்கூடாது. எந்த விதம் எண்டு பார்க்கவும் மாத்தவும் டான்டே கொன்ட்ரோலர் எண்ட மென்பொருள் சும்மா கிடைக்கும், லப்ரொப்பில போடும். மாத்தினா பெட்டி ஒருக்கா நிண்டு திரும்ப எழும்பும், நிகழ்ச்சி நடக்கேக்க தொடாதையும்.

ஒரு கலியாண மண்டபத்தில நடந்தது. எங்களோட வாற பெடியன், நல்ல எண்ணத்தில, ஒரு வயர் கழண்டாலும் மற்றது இருக்கட்டும் எண்டு, போட் 2 இல இருந்தும் அதே சுவிச்சுக்கு இன்னொரு வயர் இழுத்துக் குத்திப்போட்டான். பெட்டி நிண்டது முதலாவது விதத்தில. வளையம் விழுந்திட்டுது. நெற்வேர்க்கில எல்லாருக்கும் எண்டு அனுப்புற தகவல் அந்த வளையத்துக்குள்ள போனா, நிப்பாட்ட ஆள் இல்லாமல் வெளிவீதி சுத்துற மாதிரிச் சுத்திக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுத்திலயும் பெருகும். சில செக்கனுக்குள்ள மேடையில ஒருத்தருக்கும் காதில ஒண்டுமில்லை. நான் மிக்சரைப் பார்த்தன், மேடைப்பெட்டியைப் பார்த்தன், கரண்டைப் பார்த்தன். சுவிச்சில எல்லா லைற்றும் ஒரே வேகத்தில துடிச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டுதான் ஒவ்வொரு வயராக் கழட்டினன். அஞ்சாவது வயரோட எல்லாம் உயிர் வந்தது. பெடியனில பிழை சொல்ல மாட்டன். அந்தப் போட்டில நான் ஒரு ரேப் ஒட்டி வைக்கேல்லை.

ஒண்டில இருந்து ஒண்டுக்கு எண்டு சங்கிலியாக் கொழுவ வேண்டாம். நடுப்பெட்டிக்குக் கரண்ட் போனா அதுக்குள்ள இருக்கிற குட்டிச் சுவிச்சும் செத்திடும், அங்கால இருக்கிற எல்லாருக்கும் காது அடைஞ்சிடும். மேடைக்குப் பின்னால ஒரு சுவிச், அதில இருந்து 4 பெட்டிக்கும் 4 வயர். சுவிச்சை யூபிஎஸ்ஸில வையும்.

ஓகஸ்ட் 8, காலமை

நேற்றுச் சங்கிலி வேண்டாம் எண்டு ஒரேயடியா எழுதிப்போட்டன். அது கொஞ்சம் கடும். ரெண்டே ரெண்டு பெட்டி, பக்கத்தில பக்கத்தில இருக்கிற வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் எண்டா, ரெண்டும் ஒரே பிளக்கில நிண்டா, சங்கிலி பரவாயில்லை. நானும் செய்யிறனான். ஆனா போட் 2 ஆல அடுத்த பெட்டிக்குச் சத்தம்தான் போகும், பிஓஈ பவர் போகும் எண்டு எதிர்பார்க்காதையும்.

ஓகஸ்ட் 17, இரவு 12.05

நல்லூர்த் திருவிழாக் காலம், 25 நாளும் எங்கயோ ஒரு மேடை. இப்பதான் வீட்டை வந்தனான், நித்திரை வரேல்லை, எழுதுறன்.

இண்டைக்கு மிருதங்கக்காரர் காதில மாட்ட விருப்பமில்லை எண்டதால, மொனிற்றர் மிக்சரின்ர எக்ஸ்எல்ஆர் அவுட்டில இருந்து ஒரு பவர் ஸ்பீக்கருக்குக் குடுத்தன். கொழுவின உடன இரையத் தொடங்கிச்சு. அடித்தொண்டையில ஒரு ம்ம்ம், அதோட மேல ஒரு கரகரப்பு. எக்ஸ்எல்ஆர் வயரை மாத்தினன், போகேல்லை. பேந்து நெற்வேர்க் வயரைப் பார்த்தா, அது உறை போட்ட வயர், ரெண்டு பக்கமும் இரும்புப் பிளக். மேடை எயர்த்தையும் மிக்சர் மேசை எயர்த்தையும் அது சேர்க்குது. உறை இல்லாத வயரைப் போட்டன், இரைச்சல் குறைஞ்சது.

ஆனபடியால் இந்த வேலைக்கு உறை போட்ட நெற்வேர்க் வயர் வேண்டாம். உறை இல்லாததே நல்லது.

ஓகஸ்ட் 18, பின்னேரம் 4.00

கீழ ஒரு அண்ணை, வயரிங் வேலை செய்யிறவர், நான் எழுதினதை மறுத்து எழுதியிருக்கிறார். அண்ணை, நீங்கள் சொன்னது சரி. நெற்வேர்க் போட் ஒவ்வொண்டுக்குள்ளயும் சின்ன ட்ரான்ஸ்போமர் இருக்கு, சிக்னல் கம்பிகள் அங்காலயும் இங்காலயும் நேரடியாத் தொடாது. எயர்த்தைக் காவுறது உறை மட்டும்தான். உறையை எடுத்தும் இரைச்சல் குறைஞ்சதே தவிர நிக்கேல்லை எண்டா வேற வழி ஒண்டு திறந்து கிடக்கு எண்டு கேட்டிருக்கிறீங்கள். அந்தக் கேள்வி என்னை இரவு முழுக்க அரிச்சது.

மத்தியானம் அதே சாமானை வீட்டு முத்தத்தில விரிச்சன். ஒவ்வொண்டாக் கழட்டினன். லைன் இன்னில இருந்து லப்ரொப் வயரைக் கழட்டின உடன முழுச் சத்தமும் நிண்டுது. லப்ரொப் சார்ஜர் மூண்டு பின், அது ஒரு பிளக்கில. ஸ்பீக்கர் வேற பிளக்கில. நடுவில ஒற்றைக் கம்பியும் உறையுமா வந்த லப்ரொப் வயர் ரெண்டு எயர்த்தையும் சேர்த்துப் போட்டுது. சார்ஜரைக் கழட்டி பற்றறியில விட்டன், அமைதி. நடுவில ட்ரான்ஸ்போமர் இருக்கிற டிஐ பெட்டி ஒண்டைப் போட்டு, சார்ஜரையும் திரும்பக் குத்தினன், அப்பவும் அமைதி.

நேற்று எழுதினதை அப்பிடியே விடுறன், அழிக்கேல்லை. வாசிக்கிறவை இதையும் வாசியுங்கோ.

ஓகஸ்ட் 19

இன்னுமொரு திருத்தம். உறை வேண்டாம் எண்டு நான் சொன்னது டான்டேக்கு. ஏஇஎஸ்50 பாவிக்கிறவை அதை எடுத்துக்கொள்ளாதையுங்கோ. அதுக்கு உறை போட்ட வயரும், இரும்பு ஓடு உள்ள பிளக்கும், உறை அந்த ஓட்டோட சேர்ந்தும் இருக்கவேணும். இல்லாட்டி கம்பளத்தில நடந்து வந்து மேசையைத் தொட்ட உடன வாற நிலைமின்னுக்கே சத்தம் ஒருக்கா வெட்டும். அந்த ரெண்டும் பார்வைக்கு ஒரே வயர், ஒரே ஓட்டை எண்டு முதல்நாள் எழுதின நானே ரெண்டையும் ஒண்டாக்கி எழுதிப்போட்டன்.

ஓகஸ்ட் 25, இரவு

இரைச்சல் கதை வந்தபடியால் இதைச் சொல்லாமல் விடேலாது. இரைச்சலை நிப்பாட்ட எங்கட ஊரில கனபேர் செய்யிற வேலை, பிளக்கின்ர எயர்த் பின்னைக் கழட்டுறது. இல்லாட்டி பழைய உருண்டைப் பின் பிளக்கைச் சதுரப் பின் ஓட்டையில குத்த, எயர்த் இல்லாத மலிவு அடப்டர் ஒண்டைப் போடுறது. இரைச்சல் நிக்கும். அதுக்குப் பிறகு அந்தப் பெட்டியில ஒரு பிழை வந்தா, 230 வோல்ற் போறதுக்கு இருக்கிற ஒரே வழி மைக்கைப் பிடிச்சிருக்கிற ஆள்.

2022 இல, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில, எல்லாமே ஜெனரேற்றரில. ஒரு மேடையில ஒரு பாட்டுக்காரப் பிள்ளைக்கு உதடு மைக்கில பட்ட உடன சுரீர் எண்டு இழுத்தது. மற்றக் கை வீணையின்ர பிக்கப் வயரைத் தொட்டுக்கொண்டு நிண்டது. பிள்ளைக்குக் காயமில்லை, கடவுள் காப்பாத்தினது. ஜெனரேற்றருக்கு எயர்த் கம்பி அடிக்கேல்லை, என்ர பவர் போட் ஒண்டில எயர்த் கம்பி உள்ளுக்க அறுந்து கிடந்தது. நான் பார்த்திருக்கவேணும். அந்த முகம் இண்டைக்கும் எனக்கு முன்னால நிக்குது. அதுக்குப் பிறகு 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் ஒரு மேடைக்கும் வயர் விரிக்கிறேல்லை.

எங்கட மண்ணையும் நினையுங்கோ. கொஞ்ச மண், அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு. ஆவணி வெயிலில காய்ஞ்சு கிடக்கேக்க கம்பியை அடி இறக்கினாலும் எயர்த் சரியா வராது. கம்பியடியில வாளித் தண்ணி ஊத்திப்போட்டு மீற்றரால பாருங்கோ.

இரைச்சலை வெட்டவேண்டிய இடம் சிக்னல் வயர். எக்ஸ்எல்ஆர் வயரில ஸ்பீக்கர் பக்கப் பிளக்கைத் திறந்து, 1ஆம் பின் உறையை மட்டும் கழட்டி ஒரு வயர் தனியா வைச்சிருங்கோ, வெளியால சிவப்பு ரேப் சுத்தி. மைக்குக்கு அதைப் போடக்கூடாது, மிக்சர் மைக்குக்குக் குடுக்கிற 48 வோல்ற் ஃபன்ரம் பவர் திரும்பிப் போறது அந்த 1ஆம் பின்னாலதான். சில பெட்டி எந்த வயர் போட்டாலும் இரையும். அதுக்குக் காரணத்தை 1995 இல நீல் மன்சி எண்டவர் எழுதி வைச்சிருக்கிறார்: 1ஆம் பின்னை நேர இரும்புப் பெட்டியோட சேர்க்காமல், உள்ளுக்க சேர்க்கிற் போட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தா, உறையில ஓடுற குப்பை எல்லாம் சத்தத்துக்குள்ள வந்திடும். பெட்டி செய்தவரின்ர பிழையை வயரால முழுக்கத் திருத்தேலாது.

செப்ரெம்பர் 6, காலமை

நீர் கேட்ட எக்ஸ்எல்ஆர் சுலபம். ஊசி வெளியால தெரிஞ்சா அவுட், ஓட்டை தெரிஞ்சா இன். 1 உறை, 2 ஹொட் எண்ட சத்தக் கம்பி, 3 அதே சத்தம் தலைகீழா வாற கோல்ட் கம்பி. ஆனா பக்கத்தில ஏஇஎஸ் எண்டு எழுத்து இருந்தா அது டிஜிற்றல், 110 ஓம் வயர் வேணும். அதைச் சாதாரண ஸ்பீக்கருக்குக் குடுத்தா வாறது இரைச்சல் மட்டும்.

கரைச்சல் பெரிய ஜக்கில. 6.35 மில்லிமீற்றர், நுனி, வளையம், அடி எண்டு மூண்டு பகுதி. ஒரே பிளக், ரெண்டு வேலை. ஹெட்போனுக்கு அது இடது, வலது, எயர்த். லைன் இன்னுக்கு அது ஹொட், கோல்ட், எயர்த்.

ஒரு பள்ளிக்கூட நடன நிகழ்ச்சி. பாட்டு லப்ரொப்பில. லப்ரொப்பின்ர காதோட்டையில இருந்து ஒரு வயர், மற்றப் பக்கம் பெரிய மூண்டு பகுதிப் பிளக், நேர மொனிற்றர் மிக்சரின்ர லைன் இன். ஒத்திகையில ரீச்சர் வந்து சொல்லுறா, வயலின் கேக்குது, புல்லாங்குழல் கேக்குது, பாடுறவவைக் காணேல்லை எண்டு. சபைக்குப் போற ஸ்பீக்கரில பாட்டு நல்லாக் கேக்குது. பிள்ளையளின்ர பக்கத்தில மட்டும் குரல் இல்லை. மிருதங்கம்கூட மெலிஞ்சுபோச்சு. நான் அந்தப் பாட்டு ஃபைலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தன்.

விளங்கினது அடுத்தநாள் தோட்டத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிக்கேக்க. லைன் இன் செய்யிறது கழித்தல். ஹொட்டில வாறதில இருந்து கோல்ட்டில வாறதைக் கழிச்சு மிச்சத்தை எடுக்கும். வழியில ஏறின இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி இருக்கிறதால அழிஞ்சுபோம், அதுதான் அதின்ர அருமை. நான் குடுத்தது இடதும் வலதும். பாட்டில குரலை நடுவில வைப்பினம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இடதில இருந்து வலதைக் கழிச்சா நடுவில இருக்கிறது எல்லாம் பூச்சியம். பக்கத்தில நிக்கிற வாத்தியம் மட்டும் மிஞ்சும். அந்த மிக்சர் தன்ர வேலையைச் சரியாத்தான் செய்தது.

இப்ப என்னட்டை ஒரு பக்கம் சின்ன ஜக், மற்றப் பக்கம் ரெண்டு தனி ஒற்றைப் பிளக்கா பிரியிற வயர் 6 இருக்கு. இடது ஒரு ஓட்டைக்கு, வலது மற்ற ஓட்டைக்கு. உம்மட பெட்டியில லைன் இன் ரெண்டு இருக்கிறது அதுக்குத்தான்.

செப்ரெம்பர் 7

அதோட அளவும். வீட்டுச் சாமான் மைனஸ் 10 டிபிவி, அது 0.316 வோல்ற். மேடைச் சாமான் பிளஸ் 4 டிபியூ, 1.23 வோல்ற். நாலு மடங்கு கிட்ட. சத்தம் குறைவா வருதெண்டால் பெட்டி பழுது எண்டு உடன முடிவெடுக்காதையும், சில பெட்டியில பின்பக்கத்தில ஒரு சின்ன சுவிச் இந்த ரெண்டுக்கும் இடையில மாத்துறதுக்கு இருக்கும், சிலதில மெனுவுக்குள்ள.

செப்ரெம்பர் 22, இரவு 9.00

நெற்வேர்க்கில போனாச் சத்தம் பிந்தும், தாளக்காரருக்கு அது சரிவராது எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். எண்ணிப் பாருங்கோ. டான்டே வழமையா 1 மில்லிசெக்கன். எங்கட வெயிலில, 30 பாகையில, காத்தில ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும். 1 மில்லிசெக்கனுக்கு 35 சென்ரிமீற்றர். தவில்காரர் தன்ர தவிலுக்குக் காதை வைச்சிருக்கிற தூரத்தைவிடக் குறைவு. மிக்சரையும், சத்தத்தை டிஜிற்றலாக்கித் திரும்பச் சத்தமாக்குற மாத்திகளையும் சேர்த்தாலும் ஒரு சில மில்லிசெக்கன்தான், ஸ்பீக்கரை மீற்றர் கணக்கில தள்ளி வைச்ச மாதிரி. பாடுறவை மட்டும் கவனிப்பினம். சொந்தக் குரல் எலும்பால முதல் வந்திடும், காதுக்கருவியால கொஞ்சம் பிந்தி வரும், ரெண்டும் சேரேக்க குரல் குழாய்க்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும்.

ஆனா ஒரு மிருதங்கக்காரர் உண்மையாவே பிந்துது எண்டு சொன்னவர், தாளம் தட்டிக் காட்டினவர், சரியாத்தான் சொன்னவர். நான் டான்டே கொன்ட்ரோலரைத் திறந்து வைச்சு அரை மணித்தியாலம் மினக்கெட்டன். பேந்துதான் பெட்டியின்ர பின்பக்கத்தைப் பார்த்தன். ஹெட்போன் ஓட்டையில ஒரு சின்ன புளூரூத் சாமான் குத்தி, அவர் தன்ர சொந்தக் காதுக்கருவியை அதில சேர்த்திருக்கிறார். புளூரூத் வழமையா 100 மில்லிசெக்கனைத் தாண்டும். 35 மீற்றர். மூலஸ்தானத்தில அடிக்கிற மணியைத் தேர்முட்டியடியில நிண்டு கேக்கிற மாதிரி. அதை வைச்சு ஆர் வாசிக்கிறது?

ஒக்ரோபர் 20

மழை தொடங்கீட்டுது, வேலை குறைவு. விடுபட்ட ரெண்டு.

டிக், டிக் எண்டு இடைக்கிடை வெட்டினா ரெண்டு இடம் பாரும். ஒண்டு, சுவிச்சில மின்சாரம் மிச்சம் பிடிக்கிற வசதி, 802.3ஏஇசட், தகவல் போக்குவரத்து குறைவான நேரம் போட்டை அரை நித்திரையில விடும். அதை நிப்பாட்டேலாத சுவிச்சை வாங்காதையும். மற்றது கடிகாரம். நெற்வேர்க்கில ஒரு பெட்டிதான் தாளம் போடவேணும், மற்றதெல்லாம் அதைப் பின்பற்றவேணும். ஒண்டு 44.1 கிலோஹேர்ட்ஸில நிண்டு மற்றது 48 இல நிண்டா வெட்டுறதுகூட இல்லை, ஒரு சத்தமும் வராது.

ரப்லெற்றால மிக்சரைக் கட்டுப்படுத்த வைஃபை ரவுட்டரை அதே சுவிச்சில குத்தலாமோ எண்டு கேட்டனீர். கட்டுப்படுத்த மட்டும் எண்டாக் குத்தலாம். டான்டே சத்தம் வைஃபையில போகாது. எல்லாருக்கும் எண்டு மல்ரிகாஸ்ற்றில அனுப்புற சானல் இருந்தா அது ரவுட்டரையும் போய் நிரப்பும், ரப்லெற் இறுகி நிக்கும். முடியுமெண்டால் தனிச் சுவிச்.

சாமான் அறையில சிலிக்கா ஜெல் பையை மாத்தும். எங்கட உப்புக் காத்துக்கு, திறந்து கிடக்கிற ஓட்டைதான் முதல் பச்சை பிடிக்கும்.

நவம்பர் 3, காலமை 7.15

மூண்டு மாதத்துக்குப் பிறகு மெயின் மிக்சர் பெரிஞ்சர் எக்ஸ்32 எண்டு எழுதியிருக்கிறீர். சந்தோசம், இப்ப முழுக்கச் சொல்லலாம்.

அதின்ர பின்பக்கத்தைத் திருப்பிப் பாரும். ஒரே உருவத்தில நாலு ஓட்டை. ஏஇஎஸ்50 ஏ, ஏஇஎஸ்50 பி, அல்ட்ராநெற், அதோட ஈதர்நெற் எண்டு ஒண்டு. அந்த ஈதர்நெற்றைக் கண்டிட்டுத்தான் உம்மட சிநேகிதன் டான்டே வரும் எண்டு சொல்லியிருப்பான். அதுக்குள்ளால ஒரு சத்தமும் போகாது, கட்டுப்படுத்த மட்டும். இந்த நாலில ஒண்டும் உம்மட 4 பெட்டியோட கதைக்காது.

வழி இருக்கு. பின்னால யூஎஸ்பி காட் பூட்டியிருக்கிற இடத்தில எக்ஸ்-டான்டே காட் போடலாம், 32 சானல். அதில ஆர்ஜே45 ரெண்டு, முதலாவதும் காவலுக்கு நிக்கிறதும். காட் இடம் ஒண்டுதான், அதால யூஎஸ்பியால 32 சானல் பதிவு செய்யிறதை இழப்பீர். நிகழ்ச்சியைப் பதிவு செய்து குடுக்கிற வேலை கன இருந்தா முதல் அதை யோசியும். அப்பிடியெண்டா இந்த 4 பெட்டியையும் வித்துப்போட்டு, அந்த அல்ட்ராநெற் ஓட்டைக்குப் பொருந்திற 16 சானல் பெட்டிகளை எடுக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது. ஒரு பாட்டு, ஒரு வயலின், மிருதங்கம், கடம், தம்புராவுக்கு 16 சானல் தாராளம். 32 வேணுமெண்டு ஆர் கேக்கப்போகினம்?

நான் பாவிக்கிற நிறம்: டான்டேக்கு நீல ரேப், ஏஇஎஸ்50க்கு மஞ்சள், அல்ட்ராநெற்றுக்குப் பச்சை, கட்டுப்பாட்டுக்கு வெள்ளை. ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு துண்டு, வயரின்ர ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு துண்டு. போட் 2 ஐப் பாவிக்காட்டி றப்பர் மூடி போட்டு அதுக்கு மேல சிவப்பு ரேப்.

மண்டபத்தில மேடையில இருந்து மேசைக்கு எவ்வளவு தூரம் எண்டு எழுதேல்லை. டான்டேக்கு 100 மீற்றர் எண்டது சுவிச்சில இருந்து பெட்டிவரை சேர்ந்த முழு நீளம், நடுவில கொழுவுற சின்ன வயர்களும் அதுக்குள்ள. ஏஇஎஸ்50க்கு 80. சுவரோரமா வளைஞ்சு, கதவுக்கு மேலால ஏறி இறங்குற நீளத்தைக் கயிறு பிடிச்சு அளவும், கண்ணால மதிக்காதையும். வயர் ரெஸ்ற்றர் இல்லாட்டி என்னட்டை ஒண்டு சும்மா கிடக்கு, மழை விட்டாப்போல வந்து எடும்.